கிப்லாவும் கைப்பேசியும்

 

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். மணி அடித்த பிறகும் பாடத்தை முடிக்காமல் நான் நின்ற நாட்கள் உங்களுக்கு நினைவிருக்கும். அதேபோல் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

போன மே மாதம் என் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணனின் பேரன் பொறியியல் படிக்கிறான், விடுமுறைக்கு வந்திருந்தான். அஸர் தொழுகைக்காக அண்ணன் வழக்கமான மூலையில் பாயை விரித்தார். பேரன் கைப்பேசியைத் தரையில் வைத்துப் பார்த்துவிட்டு, "நன்னா, நீங்க நிக்கிற திசை சரியில்ல. கிப்லா வலது பக்கம் நல்லா தள்ளி இருக்கு. முப்பது டிகிரிக்கு மேல வித்தியாசம் காட்டுது" என்றான்.

அண்ணன் பதில் சொல்லவில்லை. வழக்கம்போல் நின்று தொழுது முடித்தார். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் இருந்தபோது என்னிடம் மட்டும் மெதுவாகக் கேட்டார். "தம்பி, அத்தா அதே இடத்துல நின்னு நாப்பது வருஷம் தொழுதாங்களே. அவன் சொல்றது சரின்னா, அதெல்லாம் என்ன கணக்குல சேரும்?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. நான் ஆலிம் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து, நடுநிலைப் பள்ளியில் அறிவியலும் சமூக அறிவியலும் சொல்லிக்கொடுத்தவன். ஆனால் அண்ணன் கேட்டது என்னைத் தூங்கவிடவில்லை. ஊருக்குத் திரும்பியதும் தேடித் தேடிப் படித்தேன். படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், இஸ்லாமியர் அல்லாத என் மாணவர்களுக்காக ஒரு விளக்கம். முஸ்லிம்கள் தொழும்போது மக்காவில் உள்ள கஅபாவை நோக்கி நிற்க வேண்டும். அந்தத் திசைக்குப் பெயர் கிப்லா. நம் ஊரில் "மேற்கே பார்த்துத் தொழுவாங்க" என்று சொல்வோம். நம் நாட்டுக்கு மேற்கே மக்கா இருப்பதால் வந்த பேச்சு அது. மதீனாவில் இருப்பவர் தெற்கே பார்த்துத் தொழுவார். ஏமனில் இருப்பவர் வடக்கே பார்த்துத் தொழுவார். எல்லாருக்கும் பொதுவாக இருப்பது கஅபாதான். மேற்கு என்பது நம் ஊர்க் கணக்கு.

தொடக்கத்தில் கிப்லா மக்காவாக இருக்கவில்லை. நபிகள் நாயகம் மதீனாவுக்கு வந்த பிறகு ஏறக்குறைய பதினாறு, பதினேழு மாதங்கள் ஜெருசலேமை நோக்கித்தான் தொழுகை நடந்தது. அது மதீனாவிலிருந்து வடக்கே இருக்கிறது. ஹிஜ்ரி இரண்டாம் ஆண்டில், அதாவது கி.பி. 624இல், கஅபாவை நோக்கித் திரும்பும்படி கட்டளை வந்தது. குர்ஆனின் இரண்டாம் அத்தியாயத்தில் 144ஆம் வசனம் அது. வடக்கே பார்த்து நின்றவர்கள் அப்படியே தெற்கே திரும்பினார்கள். மதீனாவில் இன்றும் "இரண்டு கிப்லா பள்ளிவாசல்" என்ற பெயரில் ஒரு பள்ளிவாசல் இருக்கிறது. தொழுகையின் நடுவிலேயே ஜமாஅத் முழுவதும் திரும்பி நின்ற இடம் என்று அதைச் சொல்வார்கள்.

இப்போது கவனியுங்கள். திசை மாறியதும் அங்கிருந்தவர்கள் கேட்ட கேள்விகளில் ஒன்று, என் அண்ணன் திண்ணையில் கேட்ட அதே கேள்வி. திசை மாறுவதற்கு முன்பே இறந்துபோனவர்களின் தொழுகை என்ன ஆகும் என்று அவர்கள் கலங்கினார்கள். அவர்களுடைய ஈமான் வீணாகாது என்ற பொருளில் முந்தைய வசனத்திலேயே அதற்குப் பதில் இருப்பதாக ஹதீஸ் நூல்கள் சொல்கின்றன. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பே, தகப்பனையும் உடன்பிறந்தவனையும் நினைத்து மனம் கலங்கிக் கேட்டிருக்கிறார்கள். அதைப் படித்ததும் எனக்குப் பாதி நிம்மதி வந்துவிட்டது.

ஆனால் மீதிப் பாதி இருக்கிறது. மதீனாவில் திசை மாறியது இறைக் கட்டளையால். நம் வீட்டில் திசை மாறுவது கருவியால். மக்கா இருக்கும் இடம் மாறவில்லை. அது எந்தப் பக்கம் என்று நாம் கண்டுபிடிக்கும் வழி மாறியிருக்கிறது. அந்த வழிகளின் வரலாற்றைப் பார்ப்போம்.

மக்காவைக் கண்ணால் பார்க்க முடிகிறவருக்குக் கஷ்டமில்லை. இஸ்லாம் ஒரு நூற்றாண்டுக்குள் ஸ்பெயினிலிருந்து சிந்து வரை பரவியது. போன இடமெல்லாம் பள்ளிவாசல் கட்ட வேண்டும். கையில் நிலப்படம் கிடையாது, காந்த ஊசி கிடையாது. அவர்கள் வானத்தைப் பார்த்தார்கள். சூரியன் உதிக்கும் இடம், மறையும் இடம், விண்மீன்கள் எழும் இடம், காற்று வீசும் பக்கம் ஆகியவற்றை வைத்துத் திசை குறித்தார்கள். இதை வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்தவர் அறிவியல் வரலாற்றாய்வாளர் டேவிட் கிங். கஅபா கட்டிடமே வானத்தை ஒட்டி அமைந்திருப்பதை அவர் எடுத்துக்காட்டினார். அதன் நீண்ட அச்சு சுஹைல் என்ற விண்மீன் உதிக்கும் திசையை நோக்கியிருக்கிறது. குறுக்கு அச்சு கோடையில் சூரியன் உதிக்கும் பக்கத்தையும் குளிர்காலத்தில் மறையும் பக்கத்தையும் ஒட்டியிருக்கிறது. சுஹைல் யார் தெரியுமா? நம் பெரியவர்கள் அகத்திய நட்சத்திரம் என்று சொல்வார்களே, அதேதான். தென்வானத்தில் பளிச்சென்று தெரியும்.

இப்படிக் குறித்த திசை சில இடங்களில் இன்றைய கணக்குக்குப் பக்கத்தில் வந்தது. சில இடங்களில் வெகுதூரம் விலகியது. ஸ்பெயினில் கோர்தோபா பெரிய பள்ளிவாசல் எட்டாம் நூற்றாண்டில் தொடங்கப்பட்டது. கணக்குப்படி அங்கிருந்து கிப்லா ஏறக்குறைய கிழக்கே இருக்கிறது, சற்றுத் தெற்கே சாய்ந்து. பள்ளிவாசலோ தெற்கை ஒட்டிய தென்கிழக்கைப் பார்த்து நிற்கிறது. சுமார் ஐம்பது டிகிரி வித்தியாசம். பத்தாம் நூற்றாண்டில் இரண்டாம் அல் ஹகம் அந்தப் பள்ளிவாசலைப் பெரிதாக்கினார். அப்போதே வானியல் கற்றவர்கள், கிப்லாவைத் திருத்தலாம் என்றார்கள். முன்னோர் தொழுத திசையை மாற்ற வேண்டாம் என்ற வாதம்தான் வென்றது. உலகமே வியந்து பார்க்கும் அந்த மிஹ்ராப், பழைய திசையிலேயே கட்டப்பட்டது. ஆக, "செயலி சொல்வதா, பெரியவர்கள் செய்ததா" என்ற சண்டைக்கு ஆயிரம் வயது.

அதே நூற்றாண்டுகளில் கிழக்கே கணித அறிஞர்கள் வேறு வழியில் போனார்கள். பூமி உருண்டை என்பது அவர்களுக்குத் தெரியும். நம் ஊரின் அட்சரேகை, மக்காவின் அட்சரேகை, இரண்டுக்கும் இடையிலான தீர்க்கரேகை வித்தியாசம், இந்த மூன்றும் கிடைத்தால் கோள முக்கோணக் கணக்குப் போட்டுக் கிப்லாவைக் கண்டுபிடித்துவிடலாம். எட்டாம் வகுப்பில் உங்களை நான் சமதள முக்கோணத்தோடு விட்டுவிட்டேன். இது உருண்டையின் மேல் வரையும் முக்கோணம்.

இந்தக் கணக்கின் பெரிய பெயர் அல் பிரூனி. இந்தியாவைப் பற்றிப் பெரிய நூல் எழுதியவர் என்று ஏழாம் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். 973இல் குவாரிசம் பகுதியில் பிறந்தவர். இன்றைய ஆப்கானிஸ்தானில் இருக்கும் கஸ்னி நகரின் கிப்லாவைச் சரியாகக் கண்டுபிடிப்பதற்காகவே ஒரு நூல் எழுதி 1025இல் முடித்தார். அட்சரேகை கண்டுபிடிப்பது எளிது. சூரியனின் உயரத்தை அளந்தால் போதும். தீர்க்கரேகைதான் தலைவலி. ஒரே சந்திர கிரகணத்தை இரண்டு ஊர்களில் இருவர் பார்த்து நேரத்தை ஒப்பிட வேண்டும், இல்லையென்றால் ஊருக்கு ஊர் தூரத்தை வைத்துக் கணக்கிட வேண்டும். பிரூனி பாக்தாத்திலிருந்து கஸ்னி வரை இடையில் உள்ள ஊர்களை ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டு போனார். ஒரு தொழுகைத் திசைக்காக அவர் செய்த வேலை, புவியளவியலின் பெரிய நூல்களில் ஒன்றாகிவிட்டது.

பதினான்காம் நூற்றாண்டில் டமாஸ்கஸில் அல் கலீலி என்ற வானியலாளர் இருந்தார். பள்ளிவாசலில் தொழுகை நேரம் கணிக்கும் பணி அவருடையது. இப்படிப்பட்டவர்களை முவக்கித் என்பார்கள். அவர் ஒரு கிப்லா அட்டவணை தயாரித்தார். ஒவ்வொரு டிகிரி அட்சரேகைக்கும், ஒவ்வொரு டிகிரி தீர்க்கரேகை வித்தியாசத்துக்கும் விடை எழுதியிருந்தார். ஏறக்குறைய 3000 விடைகள். கணிப்பொறி இல்லை, கால்குலேட்டர் இல்லை. இன்று சரிபார்த்தாலும் பெரும்பாலான விடைகள் மிகத் துல்லியமாக இருக்கின்றன. உங்கள் கைப்பேசிச் செயலி போடும் கணக்கும் அதே கணக்குதான். அதற்கு நொடிகூட ஆகாது, அவருக்கு எத்தனை இரவுகள் ஆயினவோ.

காந்த ஊசியும் சீக்கிரமே வந்து சேர்ந்தது. ஏமன் சுல்தான் அல் அஷ்ரஃப் பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில், திசைகாட்டியைக் கொண்டு கிப்லா பார்ப்பது பற்றி எழுதியிருக்கிறார். பிறகு பயணிகள் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் சிறிய கிப்லா பெட்டிகள் வந்தன. ஈரானில் பதினேழாம் நூற்றாண்டில் மக்காவை நடுவில் வைத்துப் பித்தளைத் தட்டில் உலகப் படம் செதுக்கினார்கள். மேலே உள்ள அளவுகோலைச் சுழற்றினால் அந்த ஊரிலிருந்து மக்காவின் திசையும் தூரமும் தெரியும். ஆக, தொழுகைக்குக் கருவியைப் பயன்படுத்துவது நம் பேரப்பிள்ளைகள் கொண்டுவந்த புதுப் பழக்கம் இல்லை. ஒவ்வொரு தலைமுறையும் தன் காலத்தில் கிடைத்த நல்ல கருவியை எடுத்துக்கொண்டிருக்கிறது.

இனி, கருவியின் கணக்கு சரியாக இருந்தும் மனிதர்களிடையே என்ன நடக்கும் என்பதற்கு ஒரு சம்பவம். இந்தோனேசியாவில் ஜாவா தீவில் யோக்யகர்த்தா என்ற நகரம் உண்டு. அரண்மனைக்குப் பக்கத்தில் காவுமான் என்ற பகுதியில் சுல்தானின் பெரிய பள்ளிவாசல் இருக்கிறது. 1773இல் கட்டியது. அங்கே கத்தீபாகப் பணிசெய்த இளைஞர் அஹ்மத் தஹ்லான். 1868இல் பிறந்தவர், மக்காவுக்குப் போய்க் கல்வி கற்றுத் திரும்பியவர். அந்தப் பள்ளிவாசல் மேற்கு நோக்கியிருந்தது. கணக்குப்படி அங்கே கிப்லா மேற்கிலிருந்து ஏறக்குறைய 25 டிகிரி வடக்கே இருக்க வேண்டும். 1897, 98 வாக்கில் தஹ்லான் இதை ஊர் ஆலிம்களிடம் எடுத்துச் சொன்னார், கூடிப் பேசினார்கள், முடிவு எட்டவில்லை. பள்ளிவாசலின் தரையில் சாய்வாகக் கோடுகள் வரையப்பட்டன. அதிகாரத்தில் இருந்தவர்களுக்குக் கோபம் வந்தது, கோடுகள் அழிக்கப்பட்டன. தஹ்லான் தன் சிறிய தொழுகைக் கூடத்தைச் சரியான திசையில் திருத்திக் கட்டியிருந்தார். தலைமை மத அதிகாரியின் உத்தரவால் அது இடிக்கப்பட்டது.

மனம் நொந்து அவர் ஊரைவிட்டே போகத் தயாரானார். உறவினர்கள் தடுத்து, சமாதானம் சொல்லி, கூடத்தைத் திரும்பக் கட்டிக்கொடுத்தார்கள். அவர் தங்கினார். அதன் பிறகு அவர் கோடு வரையும் சண்டைக்குப் போகவில்லை, பள்ளிக்கூடம் நடத்தினார். 1912இல் முஹம்மதியா என்ற அமைப்பைத் தொடங்கினார். இன்று அந்த அமைப்பு இந்தோனேசியாவில் ஆயிரக்கணக்கான பள்ளிகளையும், பல்கலைக்கழகங்களையும், மருத்துவமனைகளையும் நடத்துகிறது. ஆசிரியனாக எனக்கு அந்த இடம் மிகவும் பிடித்திருந்தது. கணக்குத் தெரியாத ஊரோடு கணக்கைச் சொல்லிச் சண்டை போட்டால் கூடம்தான் இடியும். பிள்ளைகளுக்குப் புவியியல் கற்றுக்கொடுத்துவிட்டால், பிறகு அவர்களே கேட்பார்கள்.

கேட்டார்கள். ஆனால் நூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று. 2010ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இந்தோனேசிய உலமா சபை, நம் நாட்டின் கிப்லா மேற்கு என்று ஒரு ஃபத்வா வெளியிட்டது. நிலப்படத்தில் இந்தோனேசியாவிலிருந்து நேர் மேற்கே கோடு இழுத்தால் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரைக்குப் போய்ச் சேரும். வானியல் அறிந்தவர்கள் எடுத்துச் சொன்னார்கள். அதே ஆண்டு ஜூலையில் சபை தன் ஃபத்வாவைத் திருத்தி, கிப்லா வடமேற்கு, ஊருக்கு ஊர் சற்று மாறும் என்று அறிவித்தது. கூடவே இன்னொன்றும் சொன்னது: கட்டிடங்களை இடிக்க வேண்டாம், உள்ளே வரிசைகளை மட்டும் திருப்பிக்கொள்ளுங்கள். பெரியவர்கள் கூடித் தங்கள் தவறைத் தாங்களே திருத்திக்கொண்டதை நான் இறக்கமாகப் பார்க்கவில்லை. யோக்யகர்த்தாவின் அந்தப் பழைய பள்ளிவாசலிலும் இன்று கட்டிடம் அப்படியே மேற்கு பார்த்து நிற்கிறது, தொழுகை வரிசைகள் அதற்குள் சாய்வாக ஓடுகின்றன. தஹ்லான் சொன்னதும் நிறைவேறியது, முன்னோர் கட்டிய சுவரும் நிற்கிறது.

சரி, நம் ஊருக்கு வருவோம். தமிழ்நாட்டிலிருந்தும் கிப்லா நேர் மேற்கு இல்லை. சென்னையில் மேற்கிலிருந்து சுமார் 18 டிகிரி வடக்கே. தஞ்சை, நாகூர்ப் பக்கம் சுமார் 20. கீழக்கரைப் பக்கம் 23 வரும். கொழும்பில் 25. தெற்கே போகப் போகக் கூடும். எனவே மேற்குச் சுவருக்கு நேராக நிற்பவர் இவ்வளவு விலகியிருப்பார் என்பது உண்மைதான்.

அப்படியானால் தொழுகை கூடாதா? இங்கே மார்க்க அறிஞர்கள் பல நூற்றாண்டுகளாகவே ஒரு பாகுபாடு வைத்திருக்கிறார்கள். தொலைவில் இருப்பவர் கஅபாவையே குறிவைக்க முயல வேண்டுமா, கஅபா இருக்கும் பக்கத்தை நோக்கினால் போதுமா என்பது கேள்வி. ஷாஃபி மத்ஹபில் முதலாவதை வலியுறுத்துவார்கள். ஹனஃபி மத்ஹபில் பக்கம் போதும் என்பார்கள். சரியான திசையிலிருந்து இருபுறமும் 45 டிகிரிக்குள் இருந்தால் தொழுகை நிறைவேறிவிடும் என்று விளக்குவார்கள். இரு சாராரும் தெரிந்தவரை முயன்று பார்ப்பதைக் கடமையாக வைத்தார்கள். உங்கள் நிலைமைக்கு எது பொருந்தும் என்பதை உங்கள் ஊர் ஹஜ்ரத்திடம் கேளுங்கள். நான் சொல்ல வருவது வேறு. இவ்வளவு துல்லியக் கணக்கு போட்ட அதே சமுதாயம்தான், எல்லாராலும் துல்லியமாக நிற்க முடியாது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டது.

ஒரு பெருக்கல் போட்டுப் பாருங்கள். நம் பகுதியிலிருந்து மக்கா சுமார் 4,400 கிலோமீட்டர். இங்கே ஒரே ஒரு டிகிரி தவறினால் அங்கே ஏறக்குறைய 70 கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும். கஅபாவின் அகலமோ பத்துப் பன்னிரண்டு மீட்டர். இங்கிருந்து நூல் பிடித்தாற்போல் அதைக் குறிவைக்க மனிதத் தோளால் முடியாது. கைப்பேசியாலும் முடியாது.

கைப்பேசியைப் பற்றிக் கொஞ்சம். அதற்குள் இரண்டு வேலைகள் நடக்கின்றன. முதலாவது, ஜி.பி.எஸ். மூலம் நாம் இருக்கும் இடத்தை அறிந்து, கிப்லா வடக்கிலிருந்து எத்தனை டிகிரி என்று கணக்கிடுவது. இது மிகச் சரியாக இருக்கும். இரண்டாவது, அந்த வடக்கு எந்தப் பக்கம் என்று காட்டுவது. அதற்குக் கைப்பேசிக்குள் ஒரு சின்னக் காந்த உணரி இருக்கிறது. அது பழைய காந்த ஊசியின் பேரன். தாத்தாவுக்கு இருந்த பலவீனம் பேரனுக்கும் உண்டு. பக்கத்தில் இரும்பு பீரோ இருந்தாலும், ஒலிபெருக்கி இருந்தாலும், காந்தம் வைத்த கைப்பேசி உறை இருந்தாலும் தவறாகக் காட்டும். கூரையில் இரும்புக் கம்பி நிறைய இருந்தாலும் அப்படித்தான். மேலும், காந்த வடக்கும் உண்மை வடக்கும் ஒன்றல்ல. நம் பகுதியில் வித்தியாசம் மிகக் குறைவு. நியூயார்க்கில் 12, 13 டிகிரி வரும். நல்ல செயலிகள் இதைத் தாமே சரிசெய்துகொள்ளும். ஆனால் பீரோவைச் சரிசெய்ய அவற்றால் முடியாது.

அமெரிக்காவில் இருக்கும் என் மாணவர்களுக்காக இன்னொன்று. நியூயார்க்கில் செயலி வடகிழக்கைக் காட்டும். சுவரில் மாட்டிய உலகப் படத்தில் மக்கா தென்கிழக்கே தெரியும். செயலி தவறு என்று நினைத்துவிடாதீர்கள். வகுப்பில் மேசை மேல் இருந்த உலக உருண்டையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு நூலின் நுனியை நியூயார்க்கிலும் மறுநுனியை மக்காவிலும் வைத்து இறுக்கிப் பிடித்தால், நூல் முதலில் வடகிழக்காக ஏறிப் பிறகு இறங்கும். உருண்டையில் மிகக் குறுகிய வழி அதுதான், விமானம் போவதும் அதை ஒட்டித்தான். பிரூனியும் கலீலியும் கணக்கிட்டது இந்த நூலின் திசையைத்தான். 1957இல் திறக்கப்பட்ட வாஷிங்டன் இஸ்லாமிய மையத்தின் பள்ளிவாசலும் வடகிழக்கு நோக்கியே கட்டப்பட்டிருக்கிறது.

பூமியை விட்டே போனால்? 2007 அக்டோபரில் மலேசியாவின் ஷேக் முஸாஃபர் ஷுகோர் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குப் போனார். அது ஒரு நாளில் பூமியைச் சுமார் 16 முறை சுற்றுகிறது. ஒரு தொழுகை முடிவதற்குள் கிப்லா எங்கோ போய்விடும். மலேசிய அறிஞர்கள் கூடி வழிமுறை வகுத்தார்கள். முடிந்தால் கஅபா. முடியாவிட்டால் அதற்கு நேர் மேலே உள்ள வானம். அதுவும் முடியாவிட்டால் பூமி. எதுவுமே முடியாவிட்டால் முடிந்த பக்கம். மதீனா தொடங்கி இதுவரை நான் எழுதிய வரலாறு முழுவதும் இந்த நான்கு படிகளில் அடங்கிவிடுகிறது. முயன்று தேடு, கிடைத்ததில் நில்.

இனி என் அண்ணன் வீட்டுக் கதையை முடிக்கிறேன். பதின்மூன்றாம் நூற்றாண்டின் பெரிய வானியலாளர் நசீருத்தீன் துசி ஓர் எளிய வழி எழுதியிருக்கிறார். மக்கா கடகரேகைக்குச் சற்றுத் தெற்கே இருப்பதால், ஆண்டில் இரண்டு நாட்கள் நண்பகலில் சூரியன் கஅபாவின் உச்சிக்கு நேர் மேலே வரும். அந்த நொடியில் உலகில் சூரியனைப் பார்க்க முடிகிற எந்த ஊரிலும், சூரியன் இருக்கும் பக்கமே கிப்லா. நிழல் அதற்கு நேர் எதிர்ப்பக்கம் விழும். அந்த நாட்கள் மே 28, ஜூலை 16. லீப் ஆண்டில் ஒரு நாள் முந்தும். நம் இந்திய நேரப்படி மே மாதத்தில் பிற்பகல் 2 மணி 48 நிமிடம், ஜூலையில் 2 மணி 57 நிமிடம். ஒரு நாள் முன்பின்னாகப் பார்த்தாலும் பெரிய தவறு வராது.

அக்னி நட்சத்திரம் முடியும் சமயம். மறுபடியும் அண்ணன் வீட்டுக்குப் போனேன். மொட்டை மாடியில் வெயில் கொதித்தது. ஒரு மீட்டர் கம்பை ஒரு மணல் வாளியில் நட்டு, நூலில் கல் கட்டித் தொங்கவிட்டுச் செங்குத்தாக இருக்கிறதா என்று பார்த்தோம். 2.48க்குப் பேரன் சாக்பீஸால் நிழலின் நுனியைக் குறித்தான். நிழல் எண்பது சென்டிமீட்டர் சொச்சம். நுனியிலிருந்து கம்பின் அடிவரை கோடு இழுத்தோம். அதுதான் கிப்லா.

பிறகு கைப்பேசியைக் கோட்டின் மேல் வைத்தோம். மாடியில் அது கோட்டோடு ஏறக்குறைய ஒத்துப்போனது. மேற்கிலிருந்து இருபது டிகிரி. கீழே தொழுகை மூலையில் மறுபடி வைத்தால் முப்பதுக்கு மேல் காட்டியது. என் கைப்பேசி அதே இடத்தில் பத்துதான் காட்டியது. அந்த மூலையில் இரண்டடி தூரத்தில் அண்ணியின் இரும்பு பீரோ நின்றது. பேரன் சிரித்துவிட்டான். "அப்ப நானும் தப்பா சொல்லிட்டேன், சின்ன நன்னா" என்றான். "பாதி சரி சொன்னே. மீதியச் சரிபாக்காமச் சொன்னே" என்றேன்.

அண்ணனிடம் மதீனாவில் அன்று கேட்ட கேள்வியையும் அதற்கு வந்த பதிலையும் சொன்னேன். அத்தாவிடம் ஜி.பி.எஸ். இல்லை. அவரிடம் இருந்தது சூரியன் மறையும் பக்கமும், ஊர்ப் பெரியவர்கள் சொன்ன சொல்லும்தான். அதை வைத்து ஒரு வேளை தவறாமல் நின்றார். நமக்கு அதைவிட நல்ல வழி தெரிந்துவிட்டது, நாம் அதன்படி நிற்போம். இவ்வளவுதான் சொன்னேன். அண்ணன் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு பேரனைப் பார்த்து, "அந்தக் கோட்ட கீழ வரைக்கும் கொண்டாந்து போடுறா" என்றார். அளந்து, தரையில் கோடு போட்டோம். அன்று அஸருக்கு அண்ணன் பாயை அந்தக் கோட்டில் விரித்தார். பேரன் பக்கத்தில் நின்றான்.

இளைய தலைமுறைக்கு ஒரு வேண்டுகோள். பள்ளிவாசலில் வரிசையில் நிற்கும்போது கைப்பேசியை எடுத்து நீட்டிப் பெரியவர்களை மடக்காதீர்கள். அது வரிசையைக் குலைக்கும், மனதையும் குலைக்கும். சந்தேகம் இருந்தால் ஜமாஅத் பெரியவர்களையும் ஹஜ்ரத்தையும் மரியாதையோடு கூட்டி, மே 28 அன்று முற்றத்தில் ஒரு கம்பை நட்டுக் காட்டுங்கள். நிழலோடு யாரும் சண்டை போட மாட்டார்கள். பெரியவர்களுக்கும் ஒன்று: பிள்ளைகள் கேட்டால் அதட்டாதீர்கள். பிரூனியும் அப்படிக் கேட்ட பிள்ளைதான்.

மற்ற மாணவர்களும் இதைச் செய்து பார்க்கலாம். மதம் எதுவானாலும் சூரியன் பொதுதான். 4,400 கிலோமீட்டருக்கு அப்பால் ஓர் ஊரின் உச்சியில் சூரியன் நிற்பதை நம் வீட்டு மாடியில் ஒரு கம்பின் நிழலில் பார்ப்பது நல்ல அறிவியல் பாடம். உங்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொள்ளுங்கள். தலையில் துண்டு போட்டுக்கொள்ள மறக்காதீர்கள். நிழல் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். மதிப்பெண் போட்டுத் திருப்பி அனுப்புகிறேன்.

என்றும் அன்புடன்,
உங்கள் ஆசிரியர்